சொந்தப் பெயரில் போன மனுசன்

தெருவில் பார்க்கிங் தண்டச்சீட்டு எழுதுகிறவரைக் கண்டாலும் கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு விறைப்பாக நிற்கிற மனிதரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் அப்படி ஒருவரைக் கல்யாணமே கட்டியிருக்கிறேன். பெயர் சச்சிதானந்தன். தகப்பன் பெயர் சின்னத்துரை. ரொறன்ரோவின் மோர்னிங்சைட் பக்கத்தில் ஒரு மாடிக்கட்டடத்தில் நாங்கள் குடியிருந்தோம். அவருக்கு விட்பியில், கார்களுக்கு ஆசனம் தைக்கிற தொழிற்சாலையில் வேலை. ஒருமுறை பஸ்ஸில் ரிக்கற் பரிசோதிக்க வந்தவரிடம் ரிக்கற்றோடு சேர்த்துத் தன் குடியுரிமை அட்டை, சுகாதார அட்டை, மகளுடைய தடுப்பூசி அட்டை எல்லாவற்றையும் எடுத்து நீட்டினார். வந்தவர் நல்ல மனிதர். தடுப்பூசி அட்டையையும் வாசித்துப் பார்த்துவிட்டு, பிள்ளைக்கு அடுத்த ஊசி செப்டெம்பரில் வருகிறது, மறக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்த மனுசன்தான் 1997ஆம் ஆண்டு கோடையில் மோட்டார் சைக்கிளில் ஆபிரிக்கா போனார். நைரோபியில் ஏறி, எல்லைக்கு மேல் எல்லையாகக் கடந்து, தெற்கே கடல் வரும்வரை ஓடினார். ஒவ்வொரு எல்லையிலும் சீருடைக்காரர் நிற்பார்கள் என்று தெரிந்துதான் போனார். அவர்களுக்காகத்தான் போனார் என்றும் சொல்லலாம்.

இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1986இல் இவர் நாட்டைவிட்டு வெளிக்கிட்டபோது, கூட்டிப்போன ஏஜென்சிக்காரன் நேரே கனடாவுக்கு அனுப்பவில்லை. பம்பாயிலிருந்து நைரோபி. நைரோபியிலிருந்து தரைவழியாக ஹராரே. அங்கிருந்து விமானம். ஏன் இப்படித் தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டான் என்று அந்த ஏஜென்சிக்காரனுக்கே தெரியுமோ தெரியாது. இவர் கையில் இருந்தது ஒரு மலேசியப் பாஸ்போட். மலேசியக்காரருக்கு அந்த நாடுகளில் விசா கேட்கமாட்டார்களாம். அந்தப் பாஸ்போட்டின்படி இவர் பெயர் வீராசாமி மாரிமுத்து, பிறந்தது ஈப்போ, தொழில் துணி வியாபாரம். எல்லைகளில் மட்டும் இறக்கி வரிசையில் நிறுத்துவார்கள். மற்ற நேரமெல்லாம் லொறியில், சோளமூட்டைகளுக்குப் பின்னால், தார்ப்பாயின் கீழே.

அந்தப் பெயரை இவருக்குப் பருக்கிய விதத்தைக் கேட்டால் எனக்கு இப்போதும் கோபம் வரும். நித்திரையில் தட்டி எழுப்பிப் பெயர் கேட்பார்களாம். கொஞ்சம் தடுமாறினாலும் அடுத்த நேரச் சாப்பாடு கிடையாது. சச்சிதானந்தன் படிப்பில் கெட்டிக்காரன் என்று ஊரில் பெயர் எடுத்தவர். வீராசாமியையும் அந்தக் கெட்டித்தனத்தோடுதான் பாடமாக்கினார். நானோ நான்கு வருடம் கழித்து, கையில் மகள் நிலாணியோடு, சொந்தப் பாஸ்போட்டில், ஜன்னலோர ஆசனத்தில் மகாராணி மாதிரி வந்து இறங்கினேன். விமான நிலையத்தில் என்னைக் கூட்டிப்போக வந்த இவர், என் பாஸ்போட்டை வாங்கி, அதில் விழுந்திருந்த முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார். அன்றைக்கு எனக்கு அது விளங்கவில்லை.

விளங்கியது அவர் வரைபடம் ஒன்றை வாங்கி வந்து சாப்பாட்டு மேசையில் விரித்த அன்று. தொழிற்சாலையில் புது இயந்திரம் பூட்டப்போகிறார்கள், கோடை முழுவதும் வேலை இல்லை என்று அறிவித்திருந்தார்கள். மற்றவர்கள் ஏரிக்கரையில் கொட்டேஜ் வாடகைக்கு எடுக்கலாம், வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கலாம் என்று யோசித்தார்கள். இவர் ஆபிரிக்காவை விரித்தார்.

"பேபி, இஞ்சை பாரும். இந்த நாடுகளுக்கெல்லாம் நான் போகவே இல்லை."

பேபி என்பது என் பெயர். செல்லப்பெயர் அல்ல, பிறப்புச் சான்றிதழிலேயே அப்படித்தான். நாற்பது வயதாகியும் நான் பேபிதான்.

"நீங்கள் போகேல்லையெண்டால் பின்ன ஆர் போனது?" என்றேன்.

"வீராசாமி. முத்திரை எல்லாம் அவன்ரை பாஸ்போட்டில. றோட்டைக்கூட நான் காணேல்லை, தார்ப்பாய் ஓட்டையாலை வெளிச்சம் மட்டுந்தான் கண்டனான். நான் அந்த றோட்டில மோட்டார் சைக்கிள்ளை போகவேணும். ஒருத்தன் என்ரை பேரைக் கேக்கவேணும். நான் என்ரை பேரைச் சொல்லவேணும். அவ்வளவுந்தான்."

"பேர் கேக்கிறதுதான் தேவையெண்டால் பஃபலோவுக்குப் போங்கோவன். விடியப் போய்ப் பின்னேரம் வந்திடலாம்."

"அங்கை அவங்கள் கேக்கிறேல்லை. கையைக் காட்டிப் போ எண்டுறாங்கள்."

முகத்தைப் பார்த்தேன். பகிடி இல்லை. பெரியதாக எதையும் என்னிடம் கேட்டுப் பழக்கமில்லாத மனுசன். ஒரு சேட்டுக்கூடத் தனக்கென்று வாங்கமாட்டார். எனக்கு நெஞ்சு இளகிப்போயிற்று. அதை வெளியில் காட்டாமல், போறதெண்டால் பேப்பர் வேலை முழுக்க நான்தான் பாப்பன், நீங்கள் கை வைக்கக்கூடாது என்று மட்டும் சொன்னேன். நான் யாழ்ப்பாணத்தில் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தவள். கனடாவுக்கு வந்து பேக்கரியில் பாண் அடுக்கிக்கொண்டிருந்தேன். நல்ல படிவம் ஒன்றை நிரப்பிக் கனகாலம். எனக்குக் கை துறுதுறுத்தது உண்மை.

பழைய சுசூக்கி ஒன்றை வாங்கினார். அதற்குக் கார்னே என்று ஒரு புத்தகம் எடுக்கவேண்டும் என்று மோட்டார் சங்கத்தில் சொன்னார்கள். வண்டிக்கான பாஸ்போட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாட்டுக்குள் நுழையும்போது சுங்கக்காரர் ஒரு துண்டைக் கிழித்து எடுத்துக்கொண்டு, மிச்சத்தில் முத்திரை போடுவார். வெளியேறும்போது இன்னொரு துண்டு, இன்னொரு முத்திரை. வெளியேறும் முத்திரை இல்லையென்றால் வண்டியை அந்த நாட்டில் களவாக விற்றுவிட்டாய் என்று கணக்கு. படிவத்தில் வண்டி செய்த ஆண்டு, நிறம், எஞ்சின் இலக்கம், வண்டியின் சேசி இலக்கம், எத்தனை பேர் இருக்கலாம் என்று கேள்விக்கு மேல் கேள்வி.

"என்னை அகதியாய் எடுக்கேக்கை இவ்வளவு கேக்கேல்லை," என்றார் இவர், ரோர்ச் லைற்றைப் பிடித்து எஞ்சின் இலக்கத்தை வாசித்தபடி.

விசாக்கள் ஒட்டாவாவில். ஒரு பாஸ்போட் ஒரே நேரத்தில் ஒரு தூதரகத்தில்தான் இருக்க முடியும் என்பதால் அதைப் பதிவுத்தபாலில் ஒவ்வொன்றாக அனுப்பி எடுக்கவேண்டியிருந்தது. சில நாடுகள் விசா கேட்டன, சில கேட்கவில்லை. கேட்ட நாடுகளில் ஒன்று, கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் உள்ளே போகவேண்டும் என்றது. இன்னொன்று, உள்ளே வரப்போகும் தேதியை இப்போதே சொல் என்றது. தூரத்தில் இருக்கிற நாட்டின் விசாவை முதலில் எடுத்தால் அங்கே போய்ச் சேர முன்னர் அது செத்துவிடும். கிட்ட இருப்பதை முதலில் எடுத்தால் மற்றது முடிய முன்னர் விமானம் போய்விடும். இதை நான் ஒரு பழைய கலண்டரின் பின்பக்கத்தில் கோடு போட்டுக் கணக்குப் பார்த்தேன். மேசையில் சோறு ஆறிக்கொண்டிருக்கும். மகள் வந்து, "அம்மா, are we eating or what?" என்று கேட்பாள். எனக்கு அந்த மாதங்கள் மிகவும் பிடித்திருந்தன.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு விசாப் படிவத்தில் ஒரு கேள்வி வந்து குந்தியது. இந்த நாட்டுக்கு நீர் முன்னர் வந்ததுண்டா?

"ஓம் எண்டு போடும்," என்றார்.

"உங்களுக்கென்ன விசரே? ஓம் எண்டு போட்டால் எப்ப, எந்தப் பாஸ்போட்டில எண்டு கீழை அடுத்த கேள்வி நிக்குது."

"இல்லையெண்டு போட்டால் பொய்யெல்லோ. இந்தமுறை ஒரு பொய்யும் இல்லாமல் போகவேணுமெண்டு சொன்னனானெல்லோ."

"அங்கை போகேல்லை, வீராசாமிதான் போனவன் எண்டு சொன்னதும் நீங்கள்தான்."

மனுசன் யோசித்தார். யோசித்துக்கொண்டே போய், எனக்குச் சொல்லாமல் அந்தத் தூதரகத்துக்கு ரெலிபோன் எடுத்துவிட்டார். நான் குளித்துவிட்டு வரும்போது கதை நடந்துகொண்டிருந்தது. ஒருவர் வேறொருவராக ஒரு நாட்டுக்கு வந்து போயிருந்தால், அவர் வந்தவரா வராதவரா என்று தன் இங்கிலீசில் விளக்கமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்தில் இருந்த பெண் பொறுமைசாலி. நீங்கள் இந்தப் பாஸ்போட்டில் வந்தீர்களா என்று கேட்டாளாம். இல்லை என்றாராம். இந்தப் பெயரில் வந்தீர்களா? இல்லை. அப்படியானால் எங்கள் பதிவில் நீங்கள் வரவில்லை ஐயா, தயவுசெய்து இல்லை என்று எழுதுங்கள், எனக்கு மதியச் சாப்பாட்டு நேரம் என்று வைத்துவிட்டாள். இவர் திரும்பி என்னைப் பார்த்து, அரசாங்கமே சொல்லிப்போட்டுது என்று சிரித்தார். இல்லை என்று நான் எழுதினேன்.

கட்டடத்தில் செய்தி பரவியதும் வந்து விசாரித்தவர்கள் அதிகம். வேலை போய்விட்டதா, நாங்கள் பிரியப்போகிறோமா, ஆபிரிக்காவில் வைரம் கிய்ரம் எடுக்கிற பிளானா? முன்வீட்டு அன்ரனெற் மட்டும் என் பக்கம் நின்றாள். அவள் கொழும்பில் வளர்ந்தவள், பயம் என்பது மருந்துக்கும் இல்லை. தன் புருசனை "அகஸ்ரின்!" என்று அவள் கூப்பிட்டால் கீழே பார்க்கிங் வரைக்கும் கேட்கும். "போகட்டும் விடு பேபி. எங்கடை ஆள் சோபாவிலை இருந்து குளிர்பெட்டி மட்டும் போய்வாறதுக்கே கூப்பிட்டுச் சொல்லிப்போட்டுத்தான் போவார்," என்றாள்.

யூன் தொடக்கத்தில் இவர் புறப்பட்டார். வண்டி சரக்கில் முன்னரே போய்விட்டது. பாஸ்போட், கார்னே, மஞ்சள் காய்ச்சல் ஊசி அட்டை, சர்வதேச லைசென்ஸ், எல்லாவற்றிலும் இரண்டு பிரதி, ஒரு பிரதி பெட்டியில், ஒரு பிரதி இடுப்பில். வாசலில் நின்று நான் கடைசியாகப் பாடம் கேட்டேன்.

"சுங்கத்தில என்ன செய்யவேணும்?"

"கார்னேயில முத்திரை விழுந்ததை வடிவாய்ப் பாக்காமல் வண்டியில ஏறக்கூடாது."

"இமிகிரேசனில?"

"கேட்டதுக்கு மட்டும் மறுமொழி. பிள்ளையின்ரை ஊசி அட்டையைக் காட்டக்கூடாது."

அந்த அட்டையை நான் ஏற்கனவே அவருடைய பேர்ஸிலிருந்து எடுத்து ஒளித்துவிட்டேன்.

முதல் ரெலிபோன் நைரோபியிலிருந்து. விமான நிலையத்தில் முத்திரை விழுந்துவிட்டது, வண்டியும் கைக்கு வந்துவிட்டது, ஆனால் ஒருவரும் பெயர் கேட்கவில்லை. படத்தைப் பார்த்தார்கள், முகத்தைப் பார்த்தார்கள், குத்தினார்கள். இரண்டாவது, தன்சானியாவுக்குள் போன அன்று. அங்கும் பெயர் கேட்கவில்லை. எத்தனை நாள் நிற்பாய், வண்டி எத்தனை சீசீ, கனடாவில் பனி எவ்வளவு உயரம் விழும் என்று கேட்டார்களாம். இவர் முத்திரையைப் பார்த்துக்கொண்டு அந்த ஜன்னலுக்கு முன்னாலேயே நின்றதில் பின்னால் வரிசை கட்டிவிட்டதாம்.

"அப்ப சந்தோசந்தானே?" என்று கேட்டேன்.

"சந்தோசம், சந்தோசம். எண்டாலும் பேபி, ஒருத்தன் பேரைக் கேட்டால் நல்லாயிருக்கும். நான் இஞ்சை ஹெல்மெற்றுக்குள்ளை சொல்லிச் சொல்லிப் பாத்துக்கொண்டு வாறன்."

ஹெல்மெற்றுக்குள் தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டு போகிற மனுசனை நினைத்து எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு. ஒரு பக்கம் அழுகை. வெறும் ஒரு பெயரைச் சொல்வதற்கு இவ்வளவு தூரம் போகவேண்டியிருந்ததே என்று அன்று முழுக்க மனம் அலைந்தது.

அடுத்த எல்லை எந்த நாட்டினுடையது என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. அங்கே இருந்த அதிகாரி தன் வேலையைத்தான் செய்தார், அதுவும் நன்றாகவே செய்தார். நடந்ததை இவர் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரு சின்னக் கட்டடம். உள்ளே ஒரு நீட்டு மேசை. வயதான அதிகாரி ஒருவர் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார். இவர் பாஸ்போட்டை மேசையில் வைத்தார். அதிகாரி நிமிரவில்லை. பேனையும் நிற்கவில்லை. கரகரத்த குரலில், "பெயர்?" என்றார்.

பதினொரு வருடமாகக் காத்திருந்த கேள்வி. இவர் கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு, நேராக நின்று, கணீரென்று சொன்னார்.

"வீராசாமி மாரிமுத்து, சேர். பிறந்தது ஈப்போ. துணி வியாபாரம்."

சொன்ன பிறகுதான் சொன்னது தன் காதில் விழுந்ததாம். அதிகாரியின் பேனை நின்றது. அவர் கனடாப் பாஸ்போட்டைத் திறந்து பார்த்தார். இவரைப் பார்த்தார். மறுபடியும் பாஸ்போட்டைப் பார்த்தார். இவர் அவசரப்பட்டு, இல்லை சேர், அது நானில்லை, அது முந்தி, நான்தான் இது என்று ஏதேதோ சொல்ல, ஆள் கள்ளன்தான் என்று அவருக்கு உறுதியாகிவிட்டது. மோட்டார் சைக்கிள் திறப்பை வாங்கி மேசை லாச்சிக்குள் போட்டார். பாஸ்போட் திருடியதாக இருக்கலாம், உள்ளே விட மறுத்ததாக அதில் முத்திரை குத்தி உன்னைப் பட்டணத்துப் பொலிஸிடம் ஒப்படைக்கப்போகிறேன் என்றார். அந்த முத்திரை விழுந்தால் அதற்கப்பால் எந்த எல்லையும் இவரை உள்ளே விடாது. அதைவிடப் பெரிய கொடுமை, சச்சிதானந்தன் என்ற பெயருக்கு மேல், கடைசியில், கள்ளன் என்று ஒரு குத்து விழும்.

ஆனால் அந்த அதிகாரி அவசரக்காரர் இல்லை. பாஸ்போட்டின் பக்கங்களைப் புரட்டினார். விபத்து நேர்ந்தால் யாருக்கு அறிவிக்கவேண்டும் என்று ஒரு பக்கம் இருக்கிறது. அதை அழகாக நிரப்பியிருந்தவள் நான். அதிகாரி ரெலிபோனைத் தன் பக்கம் இழுத்தார். இவரை வாய் திறக்கக்கூடாது என்று விரலைக் காட்டினார்.

இங்கே காலை ஒன்பது மணி இருக்கும். மகள் பள்ளிக்கூடம் போய்விட்டாள். அன்ரனெற் வந்து குசினியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள்.

"பேபி நவரட்ணத்துடனா பேசுகிறேன்?" என்று ஆங்கிலத்தில் ஒரு புதுக் குரல்.

என் பாஸ்போட்டில் தகப்பன் பெயர்தான் இருந்தது, ஆகவே ஓம் என்றேன். அவர் தன் பதவியையும் இடத்தையும் சொன்னார். யாருக்கும் விபத்து இல்லை என்பதையும் முதலிலேயே சொன்னார். அதற்காகவே நான் அவரை என்றைக்கும் வாழ்த்துவேன்.

"அம்மா, என் முன்னால் ஒரு மனிதர் நிற்கிறார். அவர் பெயரை நான் உங்களுக்குச் சொல்லமாட்டேன். உங்களிடமிருந்துதான் எனக்குத் தெரியவேண்டும். இந்தப் பக்கமாகப் பயணம் செய்கிற யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?"

"என் கணவர். மோட்டார் சைக்கிளில் வருகிறார்."

"நல்லது. கணவருடைய பெயர் என்ன?"

நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து நான் அவர் பெயரை வாயால் சொன்னதில்லை. எழுதுவது வேறு. கணக்கில்லாமல் எழுதியிருக்கிறேன், இப்போதும் எழுதிக்கொண்டுதானே இருக்கிறேன். ஆனால் வாயால் சொன்னால் புருசனுக்கு ஆயுள் குறையும் என்று பயந்து எங்கள் வீட்டுப் பெண்கள் ஒருவரும் புருசன் பெயரைச் சொன்னதில்லை. நான் பெரிய நம்பிக்கைக்காரி இல்லை. செவ்வாய்க்கிழமையிலும் தலைமயிர் வெட்டுவேன். ஆனால் இது நாக்கில் ஊறிய பழக்கம். கனடாவில் ஆஸ்பத்திரியில் கேட்டால் அட்டையை நீட்டுவேன். வங்கியில் கேட்டால் மகள் சொல்லுவாள். அதிலும் அந்த நேரம் மனுசன் இரண்டு சில்லு வண்டியில், லொறிகளுக்கு நடுவே, தெரியாத றோட்டில். ஆயுள் விஷயத்தைச் சோதித்துப் பார்க்கிற நாளா அது?

"மிஸ்டர் சின்னத்துரை," என்றேன்.

"அது குடும்பப் பெயர். அவருடைய பெயர் வேண்டும்."

நான் கெட்டித்தனமாக ஒரு வழி கண்டுபிடித்தேன். எழுத்துக் கூட்டினால் சொன்னதாகாது. "எஸ், ஏ, சீ, எச்…" என்று தொடங்கினேன்.

"அம்மா," அவர் குரல் இறுகியது. "எனக்கு எழுத்து வேண்டாம். எந்த மனைவி தன் கணவனின் பெயரை எழுத்துக் கூட்டுவாள்? நீங்கள் எதையாவது பார்த்து வாசிக்கிறீர்களா?"

அன்ரனெற்றுக்கு விஷயம் அரைகுறையாக விளங்கிவிட்டது. கோப்பையை வைத்துவிட்டு ஓடி வந்தாள்.

"பேரைச் சொல்லன் பேபி! சச்சிதானந்தன் எண்டு சொல்லு! தா, நான் சொல்லுறன்!"

"யார் அது?" என்றார் அதிகாரி. "யார் உங்களுக்குச் சொல்லிக்கொடுப்பது? தயவுசெய்து வேறு யாரும் பேசவேண்டாம். இங்கே நிற்கிறவர் தன் பெயர் வீராசாமி என்கிறார். பாஸ்போட் வேறு ஒன்று சொல்கிறது. நீங்கள் பேபி நவரட்ணம். நான் எதை நம்புவது?"

வீராசாமி என்ற பெயர் காதில் விழுந்ததும் எனக்கு எல்லாம் வெளித்துவிட்டது. ஐயோ, என்ரை மனுசா. அந்த மேசைக்கு முன்னால், கைகளை ஒட்டிக்கொண்டு, அந்த வாய் தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டு நிற்கிற நிற்பை நான் இங்கேயிருந்தே கண்டேன். யாரோ நித்திரையால் எழுப்பிப் பருக்கிய பெயர் இன்னும் அவர் நாக்கில் இருக்கிறது. சொந்தப் பெயரைச் சொல்ல இந்த உலகத்தில் இப்போது ஒரே ஒரு வாய்தான் மிச்சம். அது என்னுடையது. அதையும் நான் மூடிக்கொண்டு நிற்கிறேன். ஆயுளாவது மண்ணாவது! எனக்கு வந்த கோபத்தில் கண்ணீரும் வந்தது.

"சச்சிதானந்தன்!" என்றேன்.

சொல்லவில்லை, கத்தினேன். அன்ரனெற் இரண்டடி பின்னுக்குப் போனாள்.

"சச்சிதானந்தன். சின்னத்துரை சச்சிதானந்தன். இடது முழங்காலில் தையல் அடையாளம் இருக்கிறது. சீனி இல்லாமல் தேத்தண்ணி குடிக்கமாட்டார். அவர்தான் என் கணவர். வீராசாமி என்பது, எங்கள் நாட்டில் யுத்தம் நடந்தபோது தப்பிவர அவருக்குக் கொடுத்த பெயர். அவர் சீருடையைக் கண்டால் பயப்படுவார் ஐயா. கள்ளன் இல்லை. பயந்தவர்."

அந்தப் பக்கத்தில் பாஸ்போட்டின் தாள் புரளுகிற சத்தம் கேட்டது.

"அம்மா," என்றார் அதிகாரி. குரல் வேறு மாதிரி இருந்தது. "இதை முதலிலேயே ஏன் சொல்லவில்லை?"

நான் சொன்னேன். வழக்கத்தைச் சொன்னேன். இதுதான் முதல்முறை என்பதையும் சொன்னேன். சொல்லிக்கொண்டு போகும்போதே எனக்கு வெட்கமாகிவிட்டது. இதை எந்த அரசாங்க அதிகாரி நம்புவார்?

அவர் சிரிக்கத் தொடங்கினார். நல்ல, வயிற்றிலிருந்து வருகிற சிரிப்பு.

"என் அம்மா சாகும்வரை என் அப்பாவின் பெயரைச் சொன்னதில்லை," என்றார். "தேவாலயப் பாதிரியார் கேட்டபோதும், மூத்தவனின் அப்பா என்றுதான் சொன்னார். பொய் மனைவியாக இருந்தால் பெயரைத் தயாராக வைத்திருந்திருப்பாள் அம்மா. நீங்கள் உண்மையான மனைவி."

ரெலிபோனை அவர் வைக்கவில்லை, மேசையில் சாய்த்துவைத்தார் போல. கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது. பிறகு அதே கரகரத்த குரல், ஆனால் இந்தமுறை மெதுவாக, "பெயர்?" என்று கேட்டது.

நான் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அன்ரனெற் தன் காதையும் ரிசீவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"சச்சிதானந்தன்," என்றது என் மனுசனின் குரல். "சின்னத்துரை சச்சிதானந்தன். பிறந்தது பருத்தித்துறை. கனடாவிலிருந்து வருகிறேன்."

டொக் என்று ஒரு சத்தம். அன்ரனெற் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அந்தோனியாரையும் முருகனையும் ஒரே மூச்சில் கூப்பிட்டாள்.

ஒரு நிமிடம் பேசலாம் என்று அதிகாரி ரெலிபோனை இவரிடம் கொடுத்தார். நான் கேட்க இருந்ததெல்லாம் மறந்துபோய், "கார்னேயில முத்திரை வாங்கிப்போட்டியளோ?" என்றேன்.

"இனித்தான் அங்கை போகவேணும்." பிறகு அவர் அதிகாரிக்கு நன்றி சொல்வது கேட்டது. "பேபி, நீர் கத்தினது இஞ்சை ரெலிபோனுக்கு வெளியாலையும் கேட்டது."

"கேக்கட்டும். கேக்கத்தானே கத்தினனான்."

"நான் இவ்வளவு நாளும் ஹெல்மெற்றுக்குள்ளை சொல்லிச் சொல்லிப் பாத்தும் அது ஆரோ ஒருத்தன்ரை பேர் மாதிரித்தான் இருந்தது. நீர் சொல்லத்தான் என்ரை பேராய் இருந்துது." குரலைத் தாழ்த்தினார். "இன்னொருக்காச் சொல்லும்."

"சும்மா இருங்கோ. அன்ரனெற் நிக்கிறா."

"ஒருக்கா."

நான் அன்ரனெற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, ரிசீவரை வாயோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மெல்லமாய்ச் சொன்னேன்.